இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு

நாத்தனார் வருகிறார் என்றால் டாக்டர் வீட்டு நாற்காலிகள்கூட நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை செய்யும் அதிகாரி அவர். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று தனியாக இருந்துவிட்டவர். அடுத்தவர்கள் வண்டி ஓட்டுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். சொந்தத் தம்பியையே மூன்று தடவை ஃபெயில் ஆக்கினார். நாலாவது தடவை தம்பி போகவே இல்லை. இன்றைக்கும் அவருக்குப் பஸ்தான்.

அந்தத் தம்பியின் மனைவிதான் டாக்டர். பல் டாக்டர். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவள், ஓய்வு கிடைத்தால் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள். தோழிகள் இரண்டு பேரோடு பங்கு போட்டு வாங்கிய பழைய விமானம் அது. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவார்.

வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது நாத்தனார் சுவரில் மாட்டியிருந்த படத்தை வெகு நேரம் பார்த்தார். விமானத்தின் இறக்கையில் கை வைத்துக்கொண்டு டாக்டர் சிரிக்கும் படம்.

"இது நிஜமா பறக்குமா, இல்ல சாஞ்சு நிக்க மட்டுமா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டாக்டருக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி. இருட்டினதும் ஊர் விளக்கு மொத்தத்தையும் மேலேருந்து காட்டறேன்."

கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அந்த வாக்கியத்துல எங்கயோ ஒரு 'ஆனா' விட்டுப்போயிருக்கு," என்றார்.

"என்ன ஆனா?" என்று கேட்டார் நாத்தனார். பிறகு, பரீட்சைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதைப் போலக் கேட்டார்: "ராத்திரியில கடைசியா எப்ப ஓட்டினே?"

டாக்டர் இடது கையில் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பகலில் வாராவாரம் பறந்துகொண்டுதான் இருந்தாள். ராத்திரி? நடுவில் கிளினிக்குக்கு வர்ணம் அடித்தார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் தோழிகளின் முறை. யோசிக்க யோசிக்க அந்தக் கடைசி ராத்திரி பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

விதி சுலபமானது. யாரையாவது ஏற்றிக்கொண்டு ராத்திரியில் பறக்க வேண்டுமானால், முந்தைய தொண்ணூறு நாளுக்குள் இருட்டிய பிறகு மூன்று தடவை கிளம்பி மூன்று தடவை இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விமானம் முழுசாக நிற்கவும் வேண்டும். இல்லையென்றால் தனியாகப் போகலாம், தன்னைக் கரை சேர்த்துக்கொள்ளலாம். அடுத்தவர் உயிரைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது.

இதைச் சொல்லி முடித்ததும் நாத்தனாரின் முகம் மலர்ந்தது. "அப்ப உனக்கும் பரீட்சை."

"பரீட்சை இல்ல அண்ணி. பயிற்சி."

"எங்கிட்ட வர்றவங்களும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

மறுநாளிலிருந்து டாக்டரின் தட்டில் கேரட் வரத் தொடங்கியது. காலையில் துருவி, மத்தியானம் அவித்து, ராத்திரி முழுசாக. கண்ணுக்கு நல்லது என்றார் நாத்தனார். டாக்டர் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் விளக்கை அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். எதிரே விமானத்தின் கருவிப் பலகை இருப்பதாக நினைத்துக் கையை நீட்டுவாள். இது இறங்கும் விளக்கு, இது எரிபொருள் மாற்றும் பிடி, இது இறக்கை மடல்களை இறக்கும் சுவிட்ச். இருட்டில் ஒரு விளக்கு செத்துப்போனால் கை தானாகப் போய்த் தொட வேண்டும். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த கணவரின் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை கீழே இறக்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் விமானத் திடலுக்குப் போனார்கள். சின்னத் திடல். ஓடுபாதையின் ஒரு முனையில் ஊர், மறு முனையில் பெரிய ஏரி. ஏரிப் பக்கம் பெயருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. ராத்திரியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இருக்காது. விமானி வானொலிப் பொத்தானை வரிசையாக அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் எரியும், கால் மணி நேரத்தில் தாமாக அணைந்துவிடும்.

பயிற்சியாளர் திடலின் விமான கிளப் வாசலில் காத்திருந்தார். டாக்டரைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால் கொட்டாவி என்பார்கள். மாணவர்கள் விமானம் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கொட்டாவி விடுவது அவர் வழக்கம். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்றுதான் டாக்டரும் நினைத்திருந்தாள். பல் டாக்டர் என்பதால், அவருக்கு மேல் வரிசையில் இரண்டு சொத்தை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சூரியன் போய், வானம் கத்திரிப்பூ நிறமாகி, அதுவும் போனது. டாக்டர் சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றிப் பார்த்தாள். எரிபொருளை விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலும் ஒரு டார்ச் பையில் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் முடித்து இருக்கையில் ஏறப் போகும்போது, "இங்க பாரு," என்றார் நாத்தனார்.

டாக்டர் திரும்பினாள். போனின் ஃபிளாஷ் மூஞ்சியில் பளிச்சென்று அடித்தது. அதற்கப்புறம் ஓடுபாதை, விமானம், நாத்தனார் எல்லாமே ஒரு பச்சை வட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோயின.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கிளப் அறைக்குள் அழைத்துப்போய் விளக்கை அணைத்துவிட்டு, வானிலை பார்த்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். கணவர் காப்பி எடுத்து வருவதாகச் சொன்னார். நடுவில் குழி விழுந்த பழைய சோபாவில் டாக்டரும் நாத்தனாரும் வழுக்கி வழுக்கித் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம் இப்படி?" என்றார் நாத்தனார்.

"அரை மணி."

"ஒரு போட்டோவுக்கா?"

"கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு ஆகும் அண்ணி. நடுவுல ஒரு வெளிச்சம் அடிச்சா திரும்பவும் ஒண்ணாங்கிளாஸ்ல போய் உட்காரணும்."

நாத்தனார் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு, "எனக்கு இப்பல்லாம் இருட்டு பழகறதே இல்ல," என்றார். "கண்புரை. ரெண்டு கண்ணுலயும். ஊருக்குப் போன கையோட ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். தம்பிகிட்ட சொல்லிடாத, உட்கார்ந்து கவலைப்படுவான்."

"நான் இங்கதான் இருக்கேன் அக்கா," என்றது சோபாவின் மறு கோடி.

"நீ காப்பிக்குப் போகல?"

"இருட்டுல மெஷின் எங்க இருக்குன்னு தெரியல."

கணவரும் வழுக்கி அந்தக் குழிக்குள் வந்து சேர்ந்தார். அப்புறம் டாக்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நாத்தனாரும் சிரித்தார். இருட்டில் சிரிக்கும்போது அவர் அதிகாரி மாதிரியே இல்லை.

"எதிர்ல வர்ற லைட் ஒவ்வொண்ணும் பூ மாதிரி விரியுது," என்றார். "அதான் சாயங்காலம் ஆனா வண்டிய எடுக்கறதில்ல. வெளியவே போறதில்ல. ஆபரேஷன் பண்ணிட்டா அந்தப் பூவெல்லாம் போயிடுமாம். சரி, போறதுக்குள்ள ஒரு ஊர் விளக்கை மொத்தமா மேலேருந்து பார்த்துடலாம்னு நினைச்சேன். கண்ணு கெட்டதுக்கு ஒரு லாபமாவது வேண்டாமா?"

அதுவரை டாக்டருக்கு நாத்தனாரை ஜெயித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. இப்போது எப்படியாவது இன்றைக்கே அவரை மேலே கூட்டிப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. இது நல்ல எண்ணம் என்பதால், இதை அவள் சந்தேகப்படவில்லை.

முதல் தடவை எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. பொத்தானை அழுத்தியதும் ஓடுபாதையின் இரண்டு பக்கமும் விளக்குகள் எரிந்தன. மேலே ஏறி, ஊர்ப் பக்கமாகச் சுற்றி வந்தாள். கீழே தெருக்கள் இருந்தன, கடைகள் இருந்தன, கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஆயிரம் விளக்குகள் இருந்தன. சக்கரங்கள் தரையில் பட்டது அவளுக்கே தெரியவில்லை. வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் தலையை ஆட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பக் கிளம்பும்போது காற்று திசை மாறியிருந்தது. இனி ஏரிப் பக்கமிருந்துதான் இறங்க வேண்டும்.

ஏரிக்கு மேலே திரும்பியதும் உலகம் காணாமல் போனது. கீழே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. தூரத்தில் ஓடுபாதை விளக்குகள் மட்டும், கறுப்புத் துணியில் குத்திய இரண்டு வரிசை ஊசிகள் போல. அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரொம்ப உயரத்தில் இருக்கிறோம் என்று தோன்றியது. கொஞ்சம் இறக்கினாள். இன்னும் உயரம்தான் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கை லேசாக இருந்தது, மனசும் லேசாக இருந்தது. இதை விட்டால் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி, அப்புறம் அண்ணியை ஏற்றிக்கொள்ளலாம்.

ஹெட்செட்டில் கேப்டன் கொட்டாவி விட்டார்.

சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை கழன்று மடியில் விழுந்துவிடுவது போன்ற கொட்டாவி. டாக்டரின் பல் வைத்தியப் புத்தி, இந்த மனுஷர் தூங்காமல் வந்துவிட்டாரா என்று ஒரு கணம் யோசித்தது. ஓடுபாதைக்கு இடது பக்கம் நான்கு விளக்குகள் உண்டு. சரியான உயரத்தில் வந்தால் இரண்டு வெள்ளையாகத் தெரியும், இரண்டு சிவப்பாகத் தெரியும். உயரமானால் வெள்ளை கூடும், தாழ்ந்தால் சிவப்பு கூடும். கொட்டாவியில் கவனம் கலைந்து அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

நான்கும் சிவப்பு.

வேகப் பிடியை முழுசாக முன்னால் தள்ளினாள். எஞ்சின் உறுமியது. மூக்கைத் தூக்கி, ஏறுகிறதா என்று உயரம் காட்டும் கருவியைப் பார்த்தாள். ஏறியது. இறங்கும் விளக்கின் வெளிச்சம் போகும் வழியில் ஏரித் தண்ணீரின் மேல் ஒரு தடவை பட்டு மின்னியது. அவ்வளவு பக்கத்தில் தண்ணீரை அவள் அங்கே எதிர்பார்க்கவில்லை.

வழக்கமாகச் சுற்றி வரும் உயரத்துக்கு வந்து நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகுதான் கேப்டன் பேசினார். "நல்ல முடிவு."

"நீங்க ஏன் சொல்லல?"

"சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்துடுச்சு. அதுக்குள்ள நீங்களே பார்த்துட்டீங்க. இன்னும் ஒரு நொடி போயிருந்தா நானே பிடிச்சிருப்பேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துச் சொன்னார்: "பயந்தா எனக்கு அப்படித்தான் வரும் மேடம். சிலருக்கு வேர்க்கும்ல, அந்த மாதிரி."

இத்தனை வருடம் இவர் தன் பக்கத்தில் எத்தனை கொட்டாவி விட்டிருப்பார் என்று டாக்டர் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

அடுத்த சுற்றில் அவள் கண் அந்த நான்கு விளக்குகளை விட்டு நகரவில்லை. "ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தாள். நடுநடுவே உயரத்தையும் சொன்னாள். இறங்கினாள், நிறுத்தினாள். இன்னொரு தடவையும் அப்படியே செய்தாள். மூன்று ஆயிற்று. கேப்டன் இறங்கி, "கணக்கு சரி. இனி உங்க இஷ்டம்," என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாத்தனார் கைப்பையை அணைத்தபடி வந்துகொண்டிருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார், மேலே காற்று அடிக்கும் என்று. பின்னாலேயே கணவர்.

டாக்டர் எஞ்சினை அணைத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணி."

"ஏன்? மூணும் ஆச்சில்ல?"

"ஆச்சு."

"அப்ப உன் சட்டம் சரிங்குது. உன் வாத்தியார் சரிங்கறார். நீ மட்டும் வேண்டாம்ங்கற."

"நடுவுல ஒரு தடவை இறங்காம மேல போனேனே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எங்களுக்குக் கை காட்டத்தான் போறேன்னு நினைச்சு நானும் காட்டினேன்."

டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் தப்பா இறங்கிட்டிருந்தேன் அண்ணி. எனக்கே தெரியல. உங்களைக் கூட்டிட்டுப் போகணும்ங்கற அவசரத்துல வேற எதையும் பார்க்கல. இவர் கொட்டாவி விட்டார், தப்பிச்சேன். இப்ப இவர் இடத்துல நீங்க உட்கார்ந்தா எனக்கு யார் கொட்டாவி விடுவா?"

"நான் விடறேன்."

"நீங்க விட்டா அது தூக்கம்."

நாத்தனார் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போன் போட்டுச் சொல்லிட்டேன்," என்றார். திரும்பி நடந்து, காரின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கேரட் நின்றுபோனது. கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனார். போகும் வழியில் அதில் இருந்த கடுஞ்சொற்களையெல்லாம் அடித்துத் திருத்திவிட்டார். "அக்கா சட்னிய நகர்த்தச் சொல்றா" என்பது வரைக்கும் அவர்தான்.

டாக்டர் தன் வேலையைப் பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டுக் கேப்டனோடு ஏரிப் பக்கமிருந்தே திரும்பத் திரும்ப இறங்கினாள். புதன்கிழமையும் போனாள். கேப்டன் இறங்கும் விளக்கை அணைக்கச் சொன்னார், அணைத்துவிட்டு இறங்கினாள். கருவிப் பலகையின் வெளிச்சத்தைக் குறைத்தார், மடியிலிருந்த டார்ச்சைக் கை தானாக எடுத்தது. ஓடுபாதை விளக்குகள் நேரம் முடிந்து அணைந்தபோது பதறாமல் பொத்தானை அழுத்தி மறுபடி எரிய வைத்தாள். உயரம் அதிகம் என்று கண் சொன்னால் அதை நம்பாமல் நான்கு விளக்குகளிடம் கேட்டுக்கொள்ளப் பழகினாள். புதன்கிழமை கேப்டன் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. பாதி வழியில் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார்.

அன்று ராத்திரி டாக்டர் நாத்தனாரின் அறைக் கதவைத் தட்டினாள். நாளைக் காலையில் அவருக்கு ரயில். பெட்டி மூடியிருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை போகலாமா அண்ணி? இப்ப நான் தயார். நிலாவும் இருக்கும்."

"ரயிலை சனிக்கிழமைக்கு மாத்திட்டேன்," என்றார் நாத்தனார். "உனக்காக இல்ல. ஜன்னலோர சீட் கிடைக்கல."

வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நாத்தனார் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பயணிகளுக்கான விளக்கங்களைக் கடைசி வரை கேட்டு, இரண்டு கேள்வியும் கேட்டார். கணவர் பின்னால் ஏறினார். ஓடுபாதையின் பாதியைத் தாண்டுவதற்குள் அவர் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது.

ஊருக்கு மேலே வந்ததும் டாக்டர் உள் வெளிச்சத்தைக் குறைத்தாள். இறக்கையை மெல்லச் சாய்த்து நாத்தனார் பக்கத்து ஜன்னல் கீழே பார்க்கும்படி வட்டம் அடித்தாள். நாத்தனார் நெற்றியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். முதல் வட்டம் முடிந்தது. இரண்டாவது வட்டத்தின் நடுவில் ஹெட்செட்டில் அவர் குரல் கேட்டது.

"மொத்தமும் பூத்திருக்கு."

டாக்டர் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெருக்கள் தெருக்களாகத் தெரிந்தன.

"ஒண்ணு மேல ஒண்ணு இதழா விரிஞ்சு கிடக்கு. தனித்தனியா ஒரு விளக்குகூட இல்ல. அந்தச் சிவப்பு எல்லாம் வண்டியா? சிவப்புல ஒரு ஆறு ஓடற மாதிரி இருக்கு." டாக்டர் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படித் தெரியுது?" என்றார்.

"புள்ளி புள்ளியா."

"பாவம் நீ," என்றார் நாத்தனார். நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

ஏரிப் பக்கம் திரும்பும்போது டாக்டர், "இனி கொஞ்ச நேரம் பேச மாட்டேன் அண்ணி," என்றாள். நாத்தனார் உதட்டில் விரல் வைத்துக்கொண்டார். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. தரை வரைக்கும் அது மாறவேயில்லை. சக்கரம் கொஞ்சம் பலமாகத்தான் தட்டியது. அதில் கணவர் விழித்துக்கொண்டு, எப்போது கிளம்பப் போகிறோம் என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து நாத்தனார் போன் செய்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணி?"

"ஒரு கண்ணை மூடினா புள்ளி, இன்னொண்ணை மூடினா பூ. சாயங்காலம் ஆனா பால்கனியில நின்னு மாத்தி மாத்தி மூடிப் பார்த்துட்டிருக்கேன். நல்லா பொழுது போகுது."

"ரொம்ப சிரமப்படுத்தாதீங்க கண்ணை."

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எதிர் வீட்டுக்காரர்தான் என்னமோ நினைச்சுட்டார் போல. முந்தாநாள் அவரும் ஒரு கண்ணை மூடித் திறந்தார். நேத்து புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கறார்."

டாக்டர் போனை ஒலிபெருக்கியில் போட்டாள். கணவர் படித்துக்கொண்டிருந்த அச்சுத் தாளைக் கீழே வைத்தார்.

"நீங்க என்ன பண்ணீங்க அண்ணி?"

"என்ன பண்றது," என்றார் நாத்தனார். "சட்டை நல்லாதான் இருந்தது."